மோட்டார்ச் சுருதி

பாட்டு டீச்சருக்குப் பாட வராது என்றுதான் எங்கள் வீதியில் வெகுநாள் நினைத்திருந்தார்கள். அவர் பாடி யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கில் அவர் தையல் டீச்சர். பாட்டு அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. வாரத்தில் இரண்டு நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து வருகிற வகுப்பில், பாட ஆசைப்பட்ட பிள்ளைகளை எல்லாம் கடைசி அறையில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வார். அந்தக் கடைசி அறைக்கும் என் பனியன் கம்பெனிக்கும் நடுவில் ஒரே சுவர். அவரைப் பற்றி எழுத எனக்கு வந்த யோக்கியதை அந்தச் சுவரால் வந்தது.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது தாண்டாதவன். அதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதில்லை. பட்டம் வாங்கியவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவனுக்கு என்ன வெட்கம்? முதலிபாளையத்தில் இருக்கிற என் யூனிட்டைச் சுற்றிப் பார்க்க இன்றைக்கு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அப்போது என்னிடம் இருந்தது தகரம் போட்ட ஒரு ஷெட், வேறொருவர் ஓட்டித் தேய்த்த பின்னல் மிசின் இரண்டு, அவற்றை இழுக்க ஒரு மோட்டார். அந்த மோட்டாரைக் கோயமுத்தூருக்கு நானே போய், கடைக்காரர் சொன்ன எதையும் நம்பாமல், ஓடவிட்டுக் காதால் கேட்டு வாங்கினேன். ஓடுகிற சத்தத்தை வைத்து மோட்டாரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதற்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் மார்க் போடுவதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தால் சத்தத்தைப் பற்றிய புகார்தான் என்பது என் அனுபவம். அதனால் டீச்சர் முதல் தடவையாக என் கம்பெனி வாசலில் வந்து நின்றபோது, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஏனுங்க, நூல் தீர்ந்த காலிக் கோன் இருந்தாக் குடுங்க,” என்றார்.

“எத்தனைங்க டீச்சரம்மா?”

“புள்ளைக்கு ஒண்ணுங்க.”

தயார் செய்த பதில் வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நூல் தீர்ந்தால் மிஞ்சுவது இரண்டு முனையும் திறந்த அட்டைக் கூம்பு; பூ செய்வதற்கோ பொம்மை செய்வதற்கோ கேட்கிறார் என்று நினைத்து ஒரு சாக்கு நிறையக் கொடுத்தனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் கோனின் அகன்ற பக்கத்தை வாயில் வைத்திருந்தான். கூர்ப் பக்கம் அடுத்தவன் காதில் இருந்தது. ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு என்று ஒன்றையும் காணோம்.

“என்னங்க இது?” என்று கேட்டேன்.

“ஊட்டுக்குள்ளயும் மிசின், பக்கத்து ஊட்டுலயும் மிசின். இந்தப் புள்ளைங்களுக்குக் கத்தித்தானுங்க பேசத் தெரியுது. மெதுவாப் பேசினாக்கூட அடுத்தவங்களுக்குக் கேக்கும்னு மொதல்ல தெரியட்டுமுங்க. பாட்டு எங்க போகுது.”

“அதுக்கு என்ர கோன்தான் கெடைச்சுதுங்களா?”

“இருக்கறதை வெச்சுப் பார்க்கலாமுங்க,” என்றார்.

அவரிடம் நான் கேட்ட வார்த்தைகளில் மிக அதிகமாகக் கேட்டது இதுதான். எதைச் சொன்னாலும் கடைசியில் இங்கே வந்து நிற்பார். அறை சிறிது என்றாலும் இதுதான், பிள்ளைகளுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டியிருந்தாலும் இதுதான். சொல்லிவிட்டு, விரலில் மாட்டியிருக்கும் தையல் குப்பியால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு தட்டுவார். வகுப்பு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். குமரலிங்கத்துப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்தவர் என்று சொன்னார்கள். யாரிடம் பாட்டுக் கற்றார், ஏன் இங்கே வந்து தனியாக அறை எடுத்து இருந்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்கிற முகமும் அவருக்கு இல்லை.

நான் அப்போது பள்ளிக்கூடத்துக் கமிட்டியில் உறுப்பினர் ஆகியிருந்தேன். கமிட்டியில் எல்லோரும் என்னைவிடப் பெரிய புள்ளிகள். பஞ்சு மில், தோட்டம், பரம்பரைச் சொத்து என்று இருந்தவர்கள். கையால் சம்பாதித்து உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பதவிக்கு ஏதாவது செய்யவேண்டாமா என்று ஒருநாள் பெரிய மனசு பண்ணி, பாட்டு வகுப்பு நேரத்தில் மிசினை நிறுத்திவைத்தேன். டீச்சர் நன்றி சொல்ல வருவார் என்று மேசையைக்கூட ஒழுங்கு பண்ணி வைத்தேன்.

வந்தார். “ஏனுங்க, மிசின் ரிப்பேருங்களா?”

“இல்லீங்க. உங்க வகுப்புக்கோசரம் நானே நிறுத்தினேன்.”

“ஓட்டுங்க, புண்ணியமாப் போகும். புள்ளைங்க திக்குக்கு ஒண்ணாப் போகுது.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது. சுவர் வழியாக என் மோட்டார் போடுகிற ‘ம்ம்ம்’ என்கிற ஒரே சத்தத்தைத்தான் பிள்ளைகள் தங்களுக்கே தெரியாமல் பிடித்துக்கொண்டு பாடுகிறார்கள். ஆரம்பத்தில் அதிலிருந்து அவர்களைப் பிரிக்கப் பார்த்திருக்கிறார். முடியவில்லை. பிறகு மோட்டாருக்குப் பொருந்துகிற மாதிரி பாட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அன்றைக்கு உடம்பே ஒரு சுற்றுப் பெருத்தது. திருப்பூரில் எத்தனையோ பேர் மோட்டார் வைத்திருந்தார்கள். சுருதி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அந்த சந்தோஷத்தில், “ஒரு ஆர்மோனியமே வாங்கித் தந்துடறேனுங்க,” என்றேன்.

“வேண்டாமுங்க. பொட்டி வந்தாப் புள்ளைங்க பொட்டி வாசிக்கறவங்க பின்னாடி போகுங்க. நான் பாடினா என்ர பின்னாடி வருங்க. இப்பத்தான் ஒருத்தர் குரலை ஒருத்தர் கேக்கறாங்க.”

அவர் பாடாததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாட்டுத் தேர்ந்தெடுப்பதில் அவர் செய்த முரண்டு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு பாட்டை எடுப்பார், ஒரு வாரம் வைத்திருப்பார், வேண்டாம் என்று தள்ளிவிடுவார். ரேடியோவில் நான் கேட்டு மயங்கிய ஒரு பெரிய பாட்டை மேடைக்குச் சிபாரிசு செய்தேன். ஒரு வரி பாடிக் காட்டுங்கள் என்றார். என் குரலைப் பற்றி எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. பாடினேன்.

“நடுவுல மூச்சு வாங்குனீங்க,” என்றார்.

“ஆமாங்க. வாங்காம எப்படிங்க?”

“உங்களுக்கே வாங்குது. இதுக பஞ்சுக்குள்ள வளர்ற புள்ளைங்க. நெஞ்சுல எடமில்லீங்க. சின்னச் சின்ன வரியா இருக்கோணும்.”

மிசினில் இருக்கிற ஊசிக்குத் தக்க நூலைத்தான் நாங்கள் போடுவோம். ஆசைக்குத் தடித்த நூலைப் போட்டால் ஊசி ஒடியும். இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ஷெட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகு, பஞ்சு என்று அவர் சொன்னதுதான் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் ஷெட்டின் வெளிச்சத்தில் பறக்கிற தூசியை நின்று பார்த்தேன். மறுவாரம் பின்சுவரில் ஒரு ஜன்னல் உடைத்து வைத்தேன். யாரும் சொல்லி அதை வைக்கவில்லை.

கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “அவுங்கவுங்க ஊட்டுல பாடற பாட்டு ஒண்ணு கொண்டாங்க,” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். தறிக்காரர் வீட்டுப் பையன் முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கும்போது பாடுகிற மெட்டைக் கொண்டுவந்தான். கணியூரிலிருந்து வந்து தங்கிப் படித்த பெண் நாற்று நடும்போது பாடுகிறதைக் கொண்டுவந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று ஊஞ்சல் பாட்டைக் கொண்டுவந்தது. மெட்டை வைத்துக்கொண்டு, வார்த்தை பொருந்தாத இடத்தில் பிள்ளைகளையே புது வார்த்தை போடச் சொன்னார்.

அதில் ‘மோட்டார்’ கொண்டுவந்த பாட்டில்தான் வம்பு வந்தது.

மோட்டார் என்பது ஒரு பெண்பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். அவள் அம்மா என் கம்பெனியில் நூல் சுற்றுகிறவர். கணவன் போன பிறகு வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் அந்தப் பெண் நேராக ஷெட்டுக்கு வந்து, அம்மா வேலை முடிகிற வரைக்கும் மோட்டார் மேடைக்குப் பக்கத்தில் பை வைத்துப் படித்துக்கொண்டிருக்கும். பேச்சு நன்றாக வரும். பாட்டு என்று வாயைத் திறந்தால் ஒரே ஒரு சுரம்தான். ஏறாது, இறங்காது. அதனால் அந்தப் பெயர்.

“அந்தப் புள்ளை சும்மா வாயை மட்டும் அசைக்கட்டுங்க டீச்சர்,” என்று பெரிய வாத்தியார் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

“வாயை மூடிட்டு நிக்கறதுக்கு எதுக்குங்க பாட்டு வகுப்பு?” என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் நின்றவளைக் கொண்டுவந்து வரிசையின் நட்டநடுவில் நிறுத்தினார் டீச்சர்.

வீட்டுப் பாட்டு என்று அவள் சொன்னதை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அவள்தான் ஒரே சுரத்தில் சொல்கிறாளே. டீச்சர் என் ஷெட்டுக்கு வந்து அவள் அம்மாவிடம் கேட்டார். அந்த அம்மா நூல் சுற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

“அது நல்ல பாட்டு இல்லீங்க டீச்சர். அவுங்கப்பன் செத்தப்போ பாடினது. கை வேலையா இருக்கறப்போ தானா வந்துருது. வேற பாட்டு எனக்குத் தெரியாதுங்க.”

“மெட்டு நல்லா இருக்குதுங்க அம்மிணி. மூச்சுக்கு நடுவுல எடம் இருக்குது. குடுப்பீங்களா?”

“இதையெல்லாமா கேப்பாங்க,” என்றார் அந்த அம்மா. கையிலிருந்த கோனைச் சுற்றி முடித்து வைத்துவிட்டு, “எடுத்துக்குங்க,” என்றார்.

பிள்ளைகள் அதற்கு மழைப் பாட்டாக வார்த்தை போட்டார்கள். ‘நொய்யலுக்குத் தண்ணி வந்தா நூறு வாய்க்கா சிரிக்கும்’ என்று ஆரம்பிக்கும். சின்ன வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் குரல் இறங்கி, மோட்டாரின் சத்தத்தில் வந்து உட்காரும். பக்கத்துச் சுவரில் இருந்து நான் கேட்ட பாட்டுகளில் அதுதான் என் வேலையைக் கெடுத்தது. கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன், கை நின்றுவிடும்.

ஒருநாள் கமிட்டித் தலைவர் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். கடைசி அறை வாசலில் நின்று கேட்டார். பாதியில் முகம் மாறிவிட்டது.

“இது எளவூட்டுப் பாட்டாச்சே.”

“மெட்டு மட்டுந்தானுங்க. பாட்டு மழைப் பாட்டுங்க,” என்றார் டீச்சர்.

“மெட்டுன்னா என்ன, வேறென்னன்னா என்ன? படிக்கற எடத்துல மாரடிச்சு அழுகறதா? ஆண்டு விழாவுக்குக் கல்வி ஆபீசர் வர்றாரு. இதைக் கேட்டுட்டு அவரு மூஞ்சி சுளிச்சாருன்னு வெச்சுக்குங்க, அடுத்த நாளே பாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குக் குடுத்துருவேன். நீங்க தையலோட இருந்துக்கலாம்.”

அதோடு விடவில்லை. விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் இரண்டு உத்தரவு போட்டார். அந்த ஒத்தைச் சுரத்துப் பிள்ளை அன்றைக்கு வாயைத் திறக்கக்கூடாது. பக்கத்துக் கம்பெனி மிசின் அன்றைக்கு ஓடக்கூடாது.

நான் எழுந்து நின்றேன். “மிசின் நின்னாப் பாட்டு நின்னுருங்க.”

“ஏனப்பா, உன்ர மிசின் சத்தத்தைக் கேக்கவா ஆபீசர் அத்தனை தூரத்துலிருந்து வர்றாரு?”

எல்லோரும் சிரித்தார்கள். பரம்பரைப் பணக்காரர்கள் சிரித்தால் எனக்குப் பேச்சு நன்றாக வரும். சுருதி என்றால் என்ன என்று அவர்களுக்கு நான் பாடம் எடுத்தேன். டீச்சர் சொன்னதைத்தான் சொன்னேன், இரண்டொரு வார்த்தை என்னுடையதும் சேர்ந்திருக்கலாம். கடைசியில் தலைவர் அலுத்துப்போய், “ஓட்டிக்க. கெட்டா உன்ர தலையிலதான்,” என்றார். அந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை. பெரிய வாத்தியார் அவளைக் கூப்பிட்டு, வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்தார்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். பாட்டையாவது மாற்றுங்கள் என்றேன்.

“நல்லா வர்ற பாட்டு அதுதானுங்க. அதையே மொதல்ல வெக்கறேன்,” என்றார். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மேடையை மட்டும் என் சுவரை ஒட்டிப் போடச் சொன்னார்.

விழா அன்றைக்குச் சாயங்காலம் வெயில் இறங்கவில்லை. ஆபீசருக்குப் பக்கத்தில் மேசை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் கமிட்டி. பின்னால் என் கம்பெனிப் பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். மோட்டார் அந்தப் பக்கம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அன்று காலையில் நானே எண்ணெய் விட்டிருந்தேன்.

பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். டீச்சர் குப்பியால் மேடைக் கம்பத்தில் ஒரு தட்டு தட்டினார். பிள்ளைகள் மூச்சை இழுத்தார்கள்.

கரண்ட் போய்விட்டது.

அந்தக் காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் மெல்லத் தணிந்து, கடைசியாக ஒரு முனகல் முனகி நின்றது. ஆபீசர் மேசையில் விசிறியும் நின்றது. பிள்ளைகள் திறந்த வாயோடு நின்றார்கள். தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் போய் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு வந்த மாதிரி.

டீச்சர் தானே ஒரு சுரத்தைப் பாடிக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவரால் முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. மேடையில் நாலு எட்டு வைத்து நடுவில் நின்ற பெண்ணிடம் போனார். குனிந்து சொன்னது முன்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது.

“கண்ணு, மிசினை ஓட்டு சாமி.”

அவள் பெரிய வாத்தியாரைப் பார்த்தாள். டீச்சர் ஓர் அடி நகர்ந்து, வாத்தியார் அவளுக்குத் தெரியாதபடி மறைத்து நின்றுகொண்டார்.

அவள் கண்ணை மூடினாள். ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்தாள்.

காதால் கேட்டு மோட்டார் வாங்கியவன் சொல்கிறேன். அது என் மோட்டார்தான். ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகள் அவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தார்கள். கோனைக் காதில் வைத்துப் பழகிய பிள்ளைகள் அல்லவா, கேட்கத் தெரிந்தது. பாட்டு எழுந்தது.

இரண்டாவது வரி வரும்போதே பின்னால் நின்ற பெண்களுக்கு மெட்டு தெரிந்துவிட்டது. யாரும் அழவில்லை. அந்தப் பெண்ணின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்தபடி நின்றார். ஆபீசர் தலைவர் பக்கம் சாய்ந்து, “இது என்ன பாட்டுங்க?” என்று கேட்டார்.

தலைவர் மேடையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “மழைப் பாட்டுங்க,” என்றார்.

பாட்டு பாதியில் இருக்கும்போது விசிறி சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் வந்துவிட்டது. சுவருக்கு மேலே என் மிசின்காரர் தலை தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, ஓட்டட்டுமா என்று கையால் கேட்கிறார். சுவிட்ச் போட்டதும் மோட்டார் ஒரேயடியாகத் தன் சத்தத்துக்கு வந்துவிடாது. அடியிலிருந்து முனகி முனகி ஏறும். அது ஏறுகிற ஏற்றத்தில் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போய்விடும். வெளியூருக்கு அனுப்பவேண்டிய சரக்கு பாதியில் நின்றிருந்தது. நான் உள்ளங்கையைக் காட்டி, வேண்டாம் என்றேன். கரண்ட் இருந்தும் மிசினை நான் சும்மா நிறுத்திவைத்தது, முன்னே டீச்சர் வகுப்புக்காக ஒரு தடவை, பிறகு இந்த ஒரு தடவைதான்.

பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தார். இந்தத் தடவை நன்றிதான் என்று எனக்கு உறுதி. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

“ஏனுங்க, கரண்ட் வந்து எந்நேரமாச்சு. மிசினை ஓட்டாம நிக்கறீங்களே. அடுத்த பாட்டு நீளமுங்க. புள்ளைக்கு மூச்சு வாங்குது.”

அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன்.

ஆபீசர் அடுத்த வருஷமும் இந்தப் பிள்ளைகளைக் கேட்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதும், பாட்டு வகுப்பு கணக்குக்குப் போகாமல் தப்பியதும் எங்கள் வீதிக்கே தெரிந்த கதை. சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது என் மிசின்காரருக்குக்கூடத் தெரியாது; அவர் இன்னும் ஸ்டூல்மேல் நின்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் ஏறி, தன் சத்தத்துக்கு வந்து நின்றது. அந்தப் பக்கம் குப்பி தட்டுகிற சத்தம் கேட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மோட்டாருக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குப் பாட்டு கேட்காது. கீழே கிடந்த காலிக் கோன் ஒன்றை எடுத்து, அகன்ற பக்கத்தைச் சுவரில் பொருத்தி, மறுபக்கத்தில் காதை வைத்தேன்.

காவடி மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் அந்தப் பெண்ணும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாள். மிசின் வந்துவிட்டதே, நீ நிறுத்திக்கொள் என்று டீச்சர் சொல்லவில்லை. இரண்டும் ஒரே சத்தமாக இருக்கும்போது அவள் பாடுகிறாள் என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம்.

மோட்டார் மூச்சு வாங்காது.